எம்.ஏ.எச். கூடினால் வேகம் கூடாது

தம்பி, 5000 எம்.ஏ.எச். (மில்லி அம்பியர் மணி) பற்றரியைக் கழற்றிவிட்டு 8000 போட்டால் உங்கள் ரிமோட் ரேஸ் ட்ரக் பறக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். பறக்காது. வேகத்தைத் தருவது வோல்ட்: 2 செல் லிப்போ (லிதியம் பொலிமர்) பற்றரி 7.4 வோல்ட், 3 செல் 11.1. எம்.ஏ.எச். தண்ணீர்த் தாங்கியின் அளவு மாதிரி, எவ்வளவு நேரம் ஓடும் என்பதுதான் அதில் இருக்கிறது. சராசரி 30 அம்பியர் இழுத்தால் 5000 பற்றரி 10 நிமிடம் வரும். ஐந்திலொரு பங்கை மிச்சம் விட்டால் 8. ஐந்து நிமிட ஓட்டத்துக்கு அது தாராளம். பெரிய பற்றரியில் வோல்ட் சட்டென்று இறங்காது, அது உண்மைதான். ஆனால் பாரம்? உப்புவெளிக் கடற்கரை மணலில் நானும் போட்டுப் பார்த்தேன்: பின்சில்லு புதைந்து, மோட்டரில் விரல் வைக்க முடியாத சூடு. சரி, 3 செல்தான் வேண்டுமென்றால் முதலில் மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. தாங்குமா என்று பாருங்கள், அப்புறம் மோட்டர் தண்டில் சின்னப் பினியன் (பற்சக்கரம்) போடுங்கள்.