கண்ணெதிரே இருக்கிற டிஸ்க்கை இல்லை என்கிறது

மூன்று ராத்திரி போச்சு. கம்ப்யூட்டரை ஆன் செய்தால் கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வாக்கியம். சரியான பூட் டிவைஸை, அதாவது கம்ப்யூட்டர் கிளம்ப வேண்டிய டிஸ்க்கை, தேர்ந்தெடுத்து ரீபூட் செய், இல்லாவிட்டால் பூட் மீடியாவைச் செருகிவிட்டு ஏதாவது ஒரு கீயை அழுத்து. அழுத்தினேன். அதே வாக்கியம் அடுத்த வரியில் வந்து உட்கார்ந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் வந்தது. திரை நிரம்பும்வரை அழுத்திப் பார்த்தேன், வேறென்ன செய்வது?

செருகு என்கிறதே, எதைச் செருகச் சொல்கிறது? ஃப்ளாப்பியையா? 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் டாஸ் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டுமென்றால் அது இருந்த ஃப்ளாப்பியைச் செருகித்தான் தொடங்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே டாஸ் கிளம்பியது 1983இல், அதன் 2.0 பதிப்பு வந்த பிறகுதான். அந்தக் காலத்து மனுஷனுக்குச் சொல்ல வேண்டியதை இன்றைக்கும் நம்மிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அதைவிட எரிச்சல், எந்த வியாதிக்கும் இந்த ஒரே பதில்தான். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கிற சாட்டா கேபிள் கழன்றிருந்தாலும் இதுதான். டிஸ்க் செத்துப்போனாலும் இதுதான். யாரோ ஒரு காலி பென் டிரைவைச் செருகி மறந்துபோய், மெஷினைக் கிளப்பிவிடுகிற மதர்போர்டு புரோகிராமான பயாஸ் அதை முதலில் பிடித்துக்கொண்டாலும் பெரும்பாலும் இதுதான். வயிற்றுவலி என்று போனாலும் கால்முறிவு என்று போனாலும் "உடம்பு சரியில்லை, சரியாக்கிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்புகிற வைத்தியரை யாராவது சும்மா விடுவோமா?

சரி, பயாஸுக்குள் போய்ப் பார்ப்போம் என்றால் அதற்கு எந்தக் கீ? ஒரு போர்டில் டெலீட், இன்னொன்றில் எஃப்2, வேறொன்றில் எஃப்10 அல்லது எஸ்கேப். கம்பெனியின் லோகோ மட்டும் திரை முழுக்கப் பளபளவென்று வருகிறது, எந்தக் கீயை அழுத்த வேண்டும் என்பது அதில் இல்லை. வயர்லெஸ் கீபோர்டு விழித்துக்கொள்வதற்குள் லோகோ போயே போய்விடும். பழைய வயர் கீபோர்டைத் தேடி எடுத்து, நான்கு விரலால் நான்கு கீயையும் மாற்றி மாற்றித் தட்டி ஒருவழியாக உள்ளே போனேன்.

உள்ளே போனால், டிஸ்க் இருக்கிறது! மாடல் எண், கொள்ளளவு எல்லாம் சுத்தமாகத் தெரிகிறது. டிஸ்க்கைப் பெயர் சொல்லிக் காட்டுகிற அதே மெஷின், வெளியே வந்ததும் பூட் டிவைஸ் எங்கே என்று என்னைக் கேட்கிறது.

இந்த இடத்தில்தான் ஆலோசகர்கள் வருவார்கள். கம்ப்யூட்டர் தெரிந்த நண்பர் ஒருவர் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "ஹார்ட் டிஸ்க் போச்சுப்பா, வேற போட்டு ஓஎஸ் ஏத்திடு." இன்னொருவர், "ஃபார்மேட் பண்ணிட்டா சரியாயிடும்." ஏன்தான் எல்லோருக்கும் எடுத்த எடுப்பில் ஃபார்மேட்டே வாயில் வருகிறதோ தெரியவில்லை. பத்து வருஷத்துப் படம், கணக்கு எல்லாம் அதில் இருக்கிறது. சாவி திரும்பவில்லை என்றால் வீட்டையா இடிப்பார்கள்?

பென் டிரைவிலிருந்தே ஓடுகிற லைவ் லினக்ஸ் ஒன்றைக் கிளப்பினேன். டிஸ்க் திறந்தது. ஒரு கோப்பும் போகவில்லை. டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சொல்கிற ஸ்மார்ட் சோதனையிலும் குறை இல்லை. ஆனாலும் பயத்தில் ராத்திரி முழுக்க எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்தேன். (நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள், ரிப்பேர் அப்புறம்.) பிறகு, எங்கிருந்து கிளம்புவது என்று மதர்போர்டு வைத்திருக்கிற குறிப்பு, அந்தப் பூட் என்ட்ரிதான் அழிந்திருக்கும் என்று நானாக முடிவுகட்டி, அதைத் திரும்ப எழுதக் கட்டளை கொடுத்தேன். வந்த பதில்: இந்த சிஸ்டத்தில் இஎஃப்ஐ வேரியபிள்களுக்கு ஆதரவு இல்லை.

மூன்று நாளில் கேட்ட முதல் உண்மையான வார்த்தை அதுதான். நான் என்றைக்கோ யுஇஎஃப்ஐ (இஎஃப்ஐயின் இன்றைய பெயர், பழைய பயாஸ் ஏற்பாட்டுக்குப் பதிலாக வந்தது) முறையில் நிறுவிய மெஷின் இது. இன்றைக்கு அதற்கு யுஇஎஃப்ஐ தெரியாது என்றால்? பயாஸில் பூட் மோடைப் பார்த்தேன். லெகசி என்று இருந்தது. நான் மாற்றவில்லை, சத்தியமாக.

லெகசி முறை, டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படித்து, அதில் 446 பைட்டுக்குள் இருக்கிற துக்கடா புரோகிராமை நம்பிக் கிளம்புகிற பழைய ஏற்பாடு. யுஇஎஃப்ஐ அப்படி இல்லை. அது டிஸ்க்கில் ஃபேட்32 வடிவில் பிரித்துவைத்த ஒரு பகுதியில், அதாவது பார்ட்டிஷனில், பூட் ஃபைலைத் தேடும். என் டிஸ்க்கில் எல்லாம் அந்தப் பார்ட்டிஷனில் பத்திரமாக இருக்க, மெஷின் அந்த முதல் 512 பைட்டை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று கையை விரித்திருக்கிறது. யுஇஎஃப்ஐ என்று மாற்றி சேவ் செய்தேன், இருபது நொடியில் டெஸ்க்டாப் வந்துவிட்டது.

முடிந்ததா? மறுநாள் காலை மறுபடி அதே கறுப்புத் திரை! இரவு சுவர் சுவிட்சை அணைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இரண்டு வாரமாகவே கடிகாரம் அடிக்கடி பல வருஷம் பின்னால் போய் ஜனவரி 1 என்று நின்றது. நானும் சலிக்காமல் நேரத்தைத் திருத்திக்கொண்டே இருந்தேன், மடையன். மதர்போர்டில் கடிகாரத்தையும் செட்டிங்கையும் காக்கிற சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. 3 வோல்ட் காட்ட வேண்டியது, மீட்டரில் ஒன்றரையைக்கூடத் தொடவில்லை. பிளக்கில் மின்சாரம் இருக்கிறவரை செட்டிங் தாக்குப்பிடிக்கும், சுவிட்சை அணைத்தால் எல்லாம் மறந்து, கம்பெனி வைத்த பழைய டீஃபால்ட்டுக்குப் போய்விடும். அந்த டீஃபால்ட்தான் லெகசி.

இதையாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று பொருமிக்கொண்டே, லோகோ வரும்போது டேப் கீயைத் தட்டினேன். லோகோ விலகியது. பின்னால் இருந்தது: சிமாஸ் செக்சம் தவறு, டீஃபால்ட் ஏற்றப்பட்டது. அதாவது, பேட்டரி காக்கிற செட்டிங் நினைவு கெட்டுவிட்டது, டீஃபால்ட்டையே போட்டுக்கொண்டேன் என்கிறது.

ஆக, சொல்லித்தான் இருக்கிறது! மூன்று நாளும், ஒவ்வொரு தடவையும், அந்த லோகோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சொல்லியிருக்கிறது. சரி, லோகோவை நிரந்தரமாக அணைத்துவிடலாம் என்று அந்தச் செட்டிங்கைத் தேடிப் போனால், அதுவும் பேட்டரி போனால் டீஃபால்ட்டுக்குத்தான் திரும்புமாம். டீஃபால்ட் என்னவென்று கேட்கிறீர்களா? லோகோவைக் காட்டு.