பிடிஎஃப் இருக்கா?

மூன்று நாள் உட்கார்ந்து ஒரு நாவலைப் படித்து, ராத்திரி 11 மணிக்கு வீட்டு வளவுத் தூணில் சாய்ந்தபடி நாலு பத்தி எழுதி நண்பர்களுக்கு அனுப்பினால், முதல் பதில் என்ன தெரியுமா? "பிடிஎஃப் இருக்கா?" இரண்டாவதும் அதே. கதை எப்படி, நடை எப்படி என்று ஒருவருக்காவது கேட்கத் தோன்றாதா? எழுதியவர் உயிரோடு இருக்கிறார், ஐயா! 250 ரூபாய் கொடுக்க அப்படியா வலிக்கிறது?

எங்கள் காரைக்குடிப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா புத்தகம் புத்தகமாகத் தேடிச் சேர்த்தார். நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகையைக்கூட விடவில்லை. 1994இல் சென்னையில் அவர் பெயரில் நூலகமே வந்தது. அந்த மண்ணில் பிறந்தவர்கள்தான் இப்படிக் கேட்கிறார்கள்!

நேற்று பின்னட்டையைப் படம் எடுத்துப் போட்டேன். விலையும் பதிப்பகத்தின் போன் நம்பரும் பளிச்சென்று தெரிகிறது. அதற்கும் கீழே ஒருவர்: "லிங்க் ப்ளீஸ்."