பேக்கப் எடுக்க ஒரு ஆளா?

வியாழக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் கேட்காதீர்கள், மறுபடி சொன்னால் மறுபடி எரியும். "பேக்கப்தான் தானாக ஓடுகிறதே, அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு டிபிஏ எதற்கு?" என்று ஒருவர் கேட்டாரே, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்களே, அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதிவு.

ஐயா, நான் டிபிஏ, அதாவது நிறுவனத்தின் தகவல் கிடங்கான டேட்டாபேஸைப் பராமரிப்பவன். பேக்கப் எடுப்பது என் வேலையே அல்ல. அதை ஒரு ஸ்கிரிப்ட் செய்யும். எடுத்ததிலிருந்து திரும்பக் கொண்டுவருவதுதான் என் வேலை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் என்ன நடந்தது? களைத்துப்போன ஓர் எஞ்சினியர், வேறு சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் கோப்புகளை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. தினசரி பேக்கப்? தானாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பேக்கப் எடுக்கும் மென்பொருளின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாமல் தினமும் தோற்றுக்கொண்டும் இருந்தது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. கடைசியில் கைகொடுத்தது, அதே எஞ்சினியர் ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த நகல். ஆள் எடுத்தது ஐயா, ஆள்!

"இப்போது எல்லாம் கிளவுட்" என்று உடனே வருவீர்கள். வாருங்கள். 2003-இல் ஆரக்கிள் 10ஜி என்ற டேட்டாபேஸ் மென்பொருள் வந்தபோதும் டேட்டாபேஸ் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்றுதான் சொன்னார்கள். அமேசானின் கிளவுட் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் தானியங்கி பேக்கப் அதிகபட்சம் 35 நாள் நிற்கும். தவறு 36-ஆம் நாள் தெரியவந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்?

என்னைத்தான் கூப்பிடுவீர்கள். கூப்பிட்டிருக்கிறார்கள். அக்கா மகளுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன். காலையில் மண்டபத்துக்குள் நுழையும்போதே தொலைபேசி அழைப்பு. ஒருவர் 'வேர்' (WHERE, யாருடைய தகவலை மட்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லும் பகுதி) போடாமல், தகவலை மாற்றும் கட்டளையான அப்டேட்டை ஓட்டிவிட்டாராம். அத்தனை வாடிக்கையாளர்களும் மேற்கு மாம்பலத்தில் ஒரே வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். முதன்மை சர்வரை அப்படியே நகலெடுக்கும் பிரதி சர்வரிலும் அதே மாம்பலம், நொடியில் போய்ச் சேர்ந்திருந்தது. முந்தைய இரவு பேக்கப்பை வேறொரு சர்வரில் இறக்கி, அதற்குப் பின் நடந்த மாற்றங்களைப் பதிந்து வைத்திருக்கும் லாக் கோப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றி, அந்தக் கட்டளைக்கு ஒரு நிமிடம் முன்னால் நிறுத்தி, முகவரிகளை மட்டும் எடுத்துத் திரும்பப் போட்டேன். இடையில் ஒரு லாக் கோப்பைக் காணாமல் நான் விழித்தபோது, எங்கே தேட வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் சொன்னவர் போட்டி நிறுவனத்து டிபிஏ. இன்றுவரை முகம் பார்த்ததில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான்.

குழந்தை உட்கார வேண்டிய மடியில் ஐந்தரை மணி நேரம் மடிக்கணினி உட்கார்ந்திருந்தது. காது குத்தும்போது அவள் உட்கார்ந்தது என் தம்பி மடியில்.

"அதற்குத்தானே சம்பளம்?" சரி. வாங்குகிறேன். "எதைக் கேட்டாலும் முடியாது என்கிறீர்களே?" இதில் கொஞ்சம் நியாயம் உண்டு; ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கேட்பவர்களுக்கு வேறு எந்தப் பதிலும் என்னிடம் இல்லை.

காதுகுத்துக்கு மறுநாள் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. "சிறு தொழில்நுட்பக் கோளாறு சரியாகிவிட்டது." தானாகவே சரியானதுபோல. அதைக்கூட மறந்திருப்பேன். வியாழக்கிழமை சிரித்தவர்களில் அந்த 'வேர்' போடாதவரும் இருந்தார்.

அக்கா இன்னமும் ஆல்பத்தில் அந்தப் பக்கம் வந்தால் வேகமாகப் புரட்டிவிடுகிறாள்.