டவர் காட்டுது, நெட் வரல

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கலுக்கு இறங்கும் மலைப்பாதையில் நெட் போய்விடும். காடு, மலை, சரி, புரிகிறது. எனக்கு ஆத்திரமெல்லாம் ஆபீஸ் ஆப் மேல்தான். அஞ்செட்டிப் பக்கம் உரக்கடையில் ஆர்டர் எடுத்து, சரக்கு, மூட்டைக் கணக்கு எல்லாம் தட்டி முடித்து சப்மிட் அழுத்தினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்புறம் "இணைப்பு இல்லை". தட்டியது அத்தனையும் காலி! போனிலேயே சேமித்து வைத்து, சிக்னல் கிடைத்ததும் தானே அனுப்புகிற மாதிரி ஆப் எழுத முடியாதா? தாராளமாக முடியும். ஜிபிஎஸ்ஸுக்கும் நெட் தேவையில்லை, அது செயற்கைக்கோளிலிருந்து வருவது. நான் கடையில் நின்ற இடத்தையும் அப்படியே பதிந்து வைக்கலாம். ஆனால் சாயங்காலம் மேனேஜர், "லொக்கேஷனே காட்டல தம்பி, ஃபீல்டுக்குப் போனீங்களா?" என்கிறார். வயிறு எரிகிறது.

5ஜி கிருஷ்ணகிரி டவுனில் பறக்கும். ஆனால் அது பெரும்பாலும் ஓடுகிற 3300 மெகாஹெர்ட்ஸ் மாதிரி உயர்ந்த அலைவரிசை ரொம்ப தூரம் போகாது, குன்று மறைத்தால் அவ்வளவுதான். 700, 900 மாதிரி தாழ்ந்த அலைவரிசைதான் நம்ம மேடுபள்ளத்துக்கு ஆகும். போனோ அரைகுறை 5ஜியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. செட்டிங்கில் 4ஜிக்கு மாற்றினால் பல இடத்தில் வேலை நடக்கிறது, இதையாவது புதுப் பசங்களுக்கு ஆபீஸில் சொல்லித் தரலாமே?

ஆர்டரை உறுதி செய்யக் கடைக்காரர் போனுக்கு ஓடிபி வேறு வர வேண்டும். அந்த அண்ணன் வியாபாரத்தை விட்டுவிட்டு என்னோடு ரோட்டு மேட்டில் வெயிலில் நிற்கிறார். அவருக்கு எதற்கு இந்தத் தண்டனை?