சின்ட்ரெல்லாவுக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் இப்போதே வாசியுங்கள், மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வையுங்கள்.

பழைய தேவதைக் கதைகளைப் பாட்டும் ஆட்டமுமாகத் திரும்ப எடுக்கிறார்கள், கதாநாயகிக்குக் கொஞ்சம் துணிச்சலும் ஒரு சொந்தக் கனவும் சேர்த்து விடுகிறார்கள். அந்தப் படங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். 2017 பியூட்டி அண்ட் த பீஸ்ட், 2019 அலாதீன், 2021 சின்ட்ரெல்லா, 2023 லிட்டில் மெர்மெய்ட், 2025 ஸ்னோ வைட். இலங்கை மலையகத்தில் நான் படிப்பிக்கிற தேயிலைத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் இதில் பாதியையாவது அம்மாவின் போனில் பார்த்திருக்கிறார்கள், பாட்டு வரிகள் அர்த்தம் தெரியாமலே மனப்பாடம். இந்தப் படங்களில் பெண்ணுரிமை கூடிப்போய்விட்டது என்று குறைபடுகிற பதிவுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. எனக்கு இருப்பது அதற்கு நேர் எதிரான குறை. போதவில்லை. அந்தப் பெண் பிள்ளை செய்கிற வேலையைத் தொடாமல் அவளுடைய மனதை மட்டும் மாற்றிக் காட்டுகிறார்கள்.

"பழைய கதையைக் கெடுத்துவிட்டார்கள்" என்கிறவர்களுக்கு முதலில் ஒன்று. எந்தப் பழைய கதை? கண்ணாடிச் செருப்பும் பூசணிக்காய் வண்டியும் 1697இல் பிரான்சில் பெரோ எழுதியதில் வருபவை. 1812இல் கிரிம் சகோதரர்கள் ஜெர்மனியில் அச்சிட்டதில் தேவதையே கிடையாது, செத்துப்போன தாயின் கல்லறையில் முளைத்த மரந்தான் உடுப்புத் தருகிறது, அக்காமார் செருப்புக்குள் கால் நுழைவதற்காக ஒருத்தி பெருவிரலையும் மற்றவள் குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். டிஸ்னி 1950இல் அந்த இரத்தத்தை எல்லாம் கழுவிவிட்டு எலிக்குஞ்சுகளைப் பாட வைத்தது. காலத்துக்குக் காலம் ஆட்கள் மாற்றிக்கொண்டு வந்த கதையை நம் காலம் மட்டும் மாற்றக்கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மாற்றட்டும். எதை மாற்றுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

2021 சின்ட்ரெல்லாவை எடுத்துக்கொள்வோம், கமிலா கபேயோ நடித்தது. அந்தச் சின்ட்ரெல்லாவுக்கு இளவரசன் வேண்டாம், துணிக்கடை வேண்டும். நிலவறையில் இருந்துகொண்டு உடுப்புத் தைக்கிறாள், மாளிகை விருந்துக்குப் போவதே தன் உடுப்பைப் பார்த்து வாங்க ஆள் கிடைக்குமா என்றுதான், கடைசியில் இளவரசன் அரசுரிமையை விட்டுவிட்டு அவளோடு புறப்படுகிறான், அவனுடைய தங்கைக்கு நாடு கிடைக்கிறது. நல்ல விஷயங்கள்தான், மறுக்கவில்லை. சித்தியாக வரும் இடினா மென்செல், பியானோ கற்கப் போன ஒரே காரணத்துக்காகப் புருஷன் தன்னை விட்டுப் போனதைச் சொல்கிற இடம் எனக்கு மிகவும் பிடித்தது, சித்திக்கும் ஒரு கதை உண்டு என்று நினைத்துப் பார்த்த படங்கள் குறைவு. ஆனால் படம் முழுக்கச் சின்ட்ரெல்லா ஒரு முதலாளியாகப் போகிறவள். அவள் போன பிறகு அந்த வீட்டில் தேத்தண்ணி ஊற்றப்போவது யார், இத்தனை வருஷம் ஊற்றியதற்கு அவளுக்கு என்ன கிடைத்தது, இதைக் கேட்க ஒரு பாட்டுக்கூட இல்லை.

கிரிம் கதையில் ஒரு இடம் இருக்கிறது, எந்தப் படத்திலும் அதற்குரிய கனத்தோடு நான் பார்க்கவில்லை. விருந்துக்குப் போக அனுமதி கேட்கிறாள் பிள்ளை. சித்தி ஒரு பாத்திரம் பருப்பைச் சாம்பலில் கொட்டி, இரண்டு மணித்தியாலத்துக்குள் பொறுக்கித் தந்தால் வரலாம் என்கிறாள். பறவைகள் வந்து உதவி செய்ய, சொன்ன நேரத்துக்கு முன்னமே முடித்துவிடுகிறாள். அப்போது சித்தி இரண்டு பாத்திரம் கொட்டி, ஒரு மணித்தியாலம் என்கிறாள். அதையும் முடிக்கிறாள். அப்புறமும், உனக்கு உடுப்பில்லை, ஆடத் தெரியாது, எங்களுக்கு வெட்கம் என்று சொல்லி விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். வகுப்பில் இதைச் சொல்லி முடிக்கவில்லை, பின் வாங்கில் இருந்து ஒரு பிள்ளை, "கிலோ கூட்டுற மாதிரி, டீச்சர்" என்றாள்.

அவளுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வேண்டும் என்று எத்தனை வருஷம் ரோட்டில் நின்றோம், 2021 மார்ச்சில் அரசாங்க வர்த்தமானியில் வந்தது, வந்த கையோடு பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் கிலோவைக் கூட்டினார்கள், எடுக்க முடியாத பெண்களுக்கு அரைப்பேர், அதாவது அரை நாட்சம்பளம். அந்தப் பிள்ளையின் அம்மா மழையில் படங்கைக் கட்டிக்கொண்டு மலையேறுகிறவர். சின்ட்ரெல்லாவின் கதை எங்கே நோகிறது என்று அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது. அத்தனை செலவில் படம் எடுக்கிறவர்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதே 2021இல், அந்தப் படம் வெளிவருவதற்கு இரண்டு மாதம் முன்னால், ஜூலையில், கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்ற நம் மலையகத்துப் பிள்ளை ஒன்று தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்துபோனது. பெயர் எழுதவில்லை, நமக்கெல்லாம் தெரியும், ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நாம்தான் பதாகை பிடித்து நின்றோம். வேலைக்கு வைக்கக்கூடிய குறைந்த வயதை 14இல் இருந்து 16 ஆக்கியதே அந்த வருஷ ஆரம்பத்தில்தான். 2016இல் வந்த தேசியக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் வீட்டு வேலை செய்கிறவர்களைச் சேர்க்கவே இல்லை. அடுத்தவர் வீட்டு அடுப்படியில், சம்பளக் கணக்கு எதுவும் தன் கைக்கு வராமல், ஒரு மூலையில் பாய் போட்டுப் படுக்கிற பெண் பிள்ளையின் கதையை முந்நூறு வருஷத்துக்கு முந்திய ஐரோப்பாக் கதை என்று நினைத்துப் பார்க்க என்னால் முடியாது. எங்கள் லயத்தில், இந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், எத்தனை வீட்டில் அந்தக் கதை நடந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளிடம் போய், "உன்னை நம்பு, உன் கனவைத் துரத்து" என்று பாடினால் அவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்குத் தங்கள் மேல் நம்பிக்கை குறைந்ததால் இந்த நிலை வரவில்லை. கையில் போன் இல்லை, வீட்டுக்குப் போக லீவு இல்லை, கேட்டைத் திறக்கச் சாவி இல்லை.

தையல் கனவைப் பற்றியும் சொல்ல வேண்டும். படிப்பை விட்ட எங்கள் பெண் பிள்ளைகளில் நிறையப் பேர் கட்டுநாயக்க, பியகமப் பக்கம் கார்மெண்ட்ஸுக்குப் போகிறவர்கள். அங்கே ஒருத்தி நாள் முழுக்கக் காலர் மட்டும், பக்கத்தில் இருக்கிறவள் கை மட்டும், முழுச் சட்டையை யாரும் தைப்பதில்லை, மணிக்கு இத்தனை என்று டார்கெட். உடுப்புத் தைத்து உலகத்தை வெல்லப் போகிறேன் என்று ஒரு நடிகை பாடும்போது அவள் உடுத்தியிருப்பதைப் போன்ற துணிகளைத் தைக்கிற பெண்கள் நம் பக்கத்துப் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தியாவது திரையில் வந்து இரண்டு வரி பாடியிருக்கலாம்.

சரி, குறையை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. பியூட்டி அண்ட் த பீஸ்டில் ஒரு காட்சி, மேலே சொன்ன ஐந்து படத்திலும் எனக்கு அதுதான் உயர்வு. பெல்லாக நடித்த எம்மா வாட்சன் ஒரு பீப்பாய்க்குள் அழுக்குத் துணியைப் போட்டு, அதைக் கழுதையில் கட்டி, ஊர் நடுவில் உள்ள தண்ணீர்த் தொட்டியில் சுற்ற விடுகிறாள். துணி தானாகத் துவைபடுகிறது. அந்த நேரத்தில் ஒரு சின்னப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறாள். ஊர்க்காரர் வந்து பீப்பாயைத் தள்ளித் துணியை மண்ணில் கொட்டுகிறார்கள். இதைப் பார்த்தபோது எனக்கு நாங்கள் துவைத்துத் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைதான் ஞாபகம் வந்தது. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, இருட்டுவதற்கு முன் துவைத்து, தண்ணீர் தூக்கி, அதன்பிறகு ரொட்டி தட்டுகிற பெண்ணுக்கு, அவளுடைய மகளுக்கு, வாசிக்க எப்போது நேரம்? வேலை குறைந்தால்தான் படிப்பு என்பதை ஒரு பீப்பாயை வைத்துச் சொல்லிவிட்டார்கள். 1991 கார்ட்டூன் படத்தில் பெல் புத்தகம் வாசிக்கிறவள் மட்டுந்தான், இந்தப் படத்தில் வாசிப்பதற்கான நேரத்தையும் தானே செய்துகொள்கிறாள். வருத்தம் என்னவென்றால், அந்தக் காட்சி சில நிமிஷத்தில் முடிந்து, கதை மாளிகைக்குள் போனபின் பீப்பாயை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

அலாதீனில் இளவரசி ஜாஸ்மினுக்கென்று புதிதாக எழுதிய 'ஸ்பீச்லெஸ்' பாட்டு என் பிள்ளைகளுக்கு உயிர். வாயை அடைக்க முடியாது என்று நயோமி ஸ்காட் பாடும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் கவனித்துப் பாருங்கள். அந்தப் பாட்டு முழுக்க அவள் மனதுக்குள் நடப்பது, சுற்றி நிற்கிற காவலர்கள் எல்லாம் கரைந்து காணாமல் போகிறார்கள், வெளியே ஒன்றும் மாறுவதில்லை. மாறுவது அதற்குப் பிறகு. அவள் காவல் தலைவன் ஹக்கீமைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீ யாருடைய பக்கம் நிற்கப்போகிறாய் என்று நேருக்கு நேர் கேட்கிறாள், அவன் திரும்புகிறான். என்னைக் கேட்டால் பாட்டு அந்த இடத்தில்தான் வந்திருக்க வேண்டும், ஹக்கீமும் சேர்ந்து பாடியிருக்க வேண்டும்.

ஸ்னோ வைட்டைப் பற்றி நிறையச் சண்டை நடந்தது, அதில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. வீட்டைக் கூட்டுகிற பாட்டில் குள்ளர்களையும் வேலையில் இறக்கிவிட்டது எனக்குப் போதுமான சந்தோஷம். 1937 படத்தில் அவளும் காட்டு மிருகங்களும் மட்டும் கூட்டினார்கள்.

கடல் கன்னி கதையில் நான் இழந்துபோனதாக நினைப்பது அக்காமாரை. ஆண்டர்சன் 1837இல் எழுதியதில், தங்கையைக் காப்பாற்ற வேண்டும் என்று அத்தனை அக்காமாரும் தங்கள் நீண்ட கூந்தலை வெட்டிச் சூனியக்காரிக்குக் கொடுத்து ஒரு கத்தி வாங்கி வருகிறார்கள். 2023 படத்தில் கடல் கன்னி ஏரியல் தானே கப்பலை ஓட்டிச் சூனியக்காரி அர்சுலாவை முடிக்கிறாள். 1989 கார்ட்டூன் படத்தில் அதை இளவரசன் எரிக்தான் செய்தான், ஆகவே பெண்ணுக்குக் கொடுத்தது முன்னேற்றம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆணிடம் இருந்து பிடுங்கி ஒரு பெண்ணிடம் கொடுத்தார்களே ஒழிய அக்காமார் தலைமயிரைக் கொடுத்ததைத் திரும்பக் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை.

பாட்டால் ஆட்களுக்குப் பலம் வரும் என்பதை நமக்கு ஹாலிவுட் வந்து சொல்லத் தேவையில்லை. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியதைப் படித்திருக்கிறோம், அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடித்தான் சனங்களைச் சேர்த்தார் என்பதை எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்? அந்தப் பாட்டுகளை அச்சடித்துக் கொடுத்தார்கள், 1940இல் புத்தகமாகவும் வந்தது. இந்த நாட்டில் நம் உரிமை என்ன, எது பறிபோகிறது, யாரிடம் கேட்க வேண்டும் என்பதுதான் அதில் இருந்தது. பெண்கள் மேடையேறுவதே அபூர்வமான காலம், எழுதப் படிக்கத் தெரியாத சனம், பாட்டாக இருந்ததால் கேட்டவுடன் வாயில் ஒட்டிக்கொண்டு லயத்துக்கு லயம் போனது. என் மகளுக்கு நான் காட்ட விரும்புகிற இசைப்படம் அதுதான், இன்னும் யாரும் எடுக்கவில்லை.

இதை எல்லாம் ஓய்வறையில் சொன்னபோது கூட வேலை செய்கிற ஒரு டீச்சர், "பிள்ளைகள் இரண்டு மணித்தியாலம் சந்தோஷமாகக் கனவு காணட்டுமே, அதிலும் சம்பளக் கணக்கைக் கொண்டுபோய் வைக்க வேண்டுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கனவைப் பறிக்க எனக்கும் விருப்பமில்லை. மினுங்குகிற உடுப்பும் வேண்டும், ஆட்டமும் வேண்டும். ஆனால் என் பிள்ளைகளுக்கு மாளிகை எவ்வளவு இனிக்கிறதோ அந்த அளவுக்குச் சித்தி கேள்வி கேட்கப்படுவதும் இனிக்கிறது, நான் கண்ணால் பார்த்தது.

இந்த வருஷம் தமிழ்த் தினப் போட்டிக்கு நாங்கள் சின்ட்ரெல்லாவையே நாடகமாக எடுத்திருக்கிறோம். எழுதுவது தரம் 9, 10 பெண் பிள்ளைகள். பருப்புப் பொறுக்குகிற காட்சிதான் நீளமான காட்சி, பறவைகளாக எட்டுப் பேர். முடிவில் இன்னும் சண்டை. ஒரு பக்கம், இளவரசன் வரட்டும், கலியாணம் நடக்கட்டும் என்கிறது. மறுபக்கம், முதலில் சித்தி அத்தனை வருஷச் சம்பளத்தையும் எண்ணி வைக்கட்டும், தொழில் திணைக்களத்துக்குப் போகட்டும், செருப்பு அதற்குப் பிறகு என்கிறது. இரண்டையும் எழுதி வாருங்கள், நடித்துப் பார்த்து முடிவெடுப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.

மெட்டுக்குத்தான் உதவி வேண்டும். சினிமாப் பாட்டு மெட்டு வேண்டாம் என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். மாசியில் காமன் கூத்தில் மதன் எரிந்த பிறகு ரதி அழுது, அழுதபடியே நியாயமும் கேட்கிறாளே, அந்த மெட்டில் எங்கள் சின்ட்ரெல்லா சித்தியிடம் கேட்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் ரதி வேஷம் கட்டிய பெரியவர் இப்போது இல்லை, தப்பு அடிக்க ஆள் இருக்கிறார்கள், பாட ஆள் இல்லை. உங்கள் தோட்டத்தில் யாராவது தாத்தாவோ மாமாவோ கூத்து வாத்தியாரோ அந்தப் பாட்டை முழுதாகப் பாடுவார்கள் என்றால், போனில் பதிந்து இன்பாக்ஸில் அனுப்புங்கள். குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, மெட்டு முழுதாக வேண்டும்.