நிலவறை வாசலான கதை
அமெரிக்காவின் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நீதிமன்றங்கள் பற்றிய உங்கள் பதிவில் இவ்வளவு எழுதிவிட்டு, பிட்ஸ்பர்க் நகரின் அலெகேனி கவுண்டி நீதிமன்றத்துக்கு இரண்டே வரிதானா? 1888-இல் கட்டி முடித்த கிரானைட் கட்டடம். அதை வரைந்த கட்டடக் கலைஞர் ரிச்சர்ட்சன் 1886-லேயே காலமாகிவிட்டார், முழுசாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அதைவிட வேடிக்கை, 1910களில் கட்டடத்துக்கு முன்னால் மேடாக இருந்த கிராண்ட் தெருவை வெட்டித் தாழ்த்தினார்கள். வாசல் அந்தரத்தில் நின்றுவிட்டது! முதலில் படிக்கட்டு வைத்துச் சமாளித்தார்கள். அப்புறம் தெருவை அகலப்படுத்தும்போது அதையும் எடுத்துவிட்டார்கள். ஆக, இப்போது தெருவிலிருந்து நேராக நுழைகிற இடம் ஒரு காலத்தில் நிலவறை.

கைதிகளைச் சிறைக்குக் கொண்டுபோன மூடிய கல் பாலமும் தெருவுக்கு மேலே இன்னும் நிற்கிறது. வெனிஸில் இதேபோல் சிறைக்குப் போகும் பெருமூச்சுப் பாலத்தைப் பார்த்துச் செய்தது. போனால் உள்முற்றத்தில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள்.