கல்லறையைத் தோண்டினால் வழக்கு உண்டு

‘பிணம் யாருடைய சொத்தும் இல்லை, அதனால் கல்லறையைத் தோண்டினால் இந்தியாவில் குற்றமில்லை’ என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். முதல் பாதி சரி. திருட்டுப் பிரிவு பிணத்துக்குப் பொருந்தாதுதான். ஆனால் அதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது: பழைய இ.பி.கோ. (இந்திய தண்டனைச் சட்டம்) 297, 1.7.2024 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 301. இடுகாட்டுக்குள் அத்துமீறி நுழைவது, பிணத்தை அவமதிப்பது இரண்டுமே இதில் வரும். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

வழக்கு சறுக்குவது வேறு இடத்தில். பிறர் மனம் புண்படக்கூடும் அல்லது மதம் அவமதிக்கப்படக்கூடும் என்று தெரிந்தோ, அந்த நோக்கத்தோடோ செய்தார் என அரசுத் தரப்பு காட்ட வேண்டும். எனவே புகாரில் ‘மண் கலைந்திருந்தது’ என்று மட்டும் எழுதாதீர்கள். யாருடைய குழி, உடைந்த கல் எது, எலும்பு எங்கே கிடந்தது என்பதெல்லாம் வேண்டும்.

முதுமக்கள் தாழி (பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த மண் பானை) கிடைத்தாலும் கை வைக்காதீர்கள். உள்ளே 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் இருந்தால், 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். (ஆமாம், அந்தப் பத்து ரூபாய் இன்னும் மாறவில்லை!)